ஒரு கிலோ எஞ்சின் குடுங்க!

“அண்ணே, ஜிப்ஸிக்கு ஒரு எஞ்சின் வேணும்...”

காலை பத்து மணி. சென்னை, புதுப்பேட்டை. கத்திரிக்காய் அரை கிலோ கேட்கிற தொனியில் நாங்க ரெண்டு பேரும் கேட்டோம். கடைக்காரரும் காய்கறிக்காரர் மாதிரியே அலட்டிக்காம திருப்பிக் கேட்டார். “பெட்ரோலா, டீசலா?”

வம்பு ஆரம்பிச்சது அங்கதான் பாஸ்!

கொஞ்சம் ரிவர்ஸ் கியர். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டுக்கு ஊர் கோத்தகிரி பக்கம். அதனால அவன் பேரே ‘கோத்தகிரி’தான். ஹால் டிக்கெட்டில் இருக்கிற பேர் வாத்தியார்களுக்கு மட்டும். அவன் வீட்டில் ஒரு 2004 மாடல் மாருதி ஜிப்ஸி இருக்கு. அப்பா செகண்ட்ஸில் வாங்கினது. ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போற வண்டி இல்ல அது. தேயிலை மூட்டை, ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், பரீட்சைக்கு லேட்டான பசங்கன்னு எல்லாத்தையும் சுமக்கிற வண்டி. அவங்க ஊருக்கு மெயின் ரோட்டில் இருந்து மூணு கிலோமீட்டர் மண் பாதை. மழைக்காலத்தில் ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் வந்தாலும் மெயின் ரோட்டிலேயே நின்னுடும். அது வரைக்கும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அந்த ஜிப்ஸிதான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் அவன் அப்பா ‘யாரு?’ன்னு கேட்க மாட்டாராம். சாவியை எடுத்துக்கிட்டுதான் கதவையே திறப்பாராம்.

போன மாசம் மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ஏறும்போது வண்டி பாதி வழியில் கொதிச்சு நின்னுடுச்சு. ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, “எஞ்சின் போச்சு”ன்னு சொல்லிட்டார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: “இதுல ஒரு கார் டீசல் எஞ்சினைத் தூக்கி வைங்க. இழுவையும் கூடும், பெட்ரோல் செலவும் மிச்சம்.” அப்பா சொன்னது வேற. “காயலாங்கடைக்குப் போட்டுடலாம்டா.”

“ஒரு வாரம் டைம் குடுங்கப்பா”ன்னு கெஞ்சிட்டு வந்தான் கோத்தகிரி. அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் சேரன் எக்ஸ்பிரஸ் பிடிச்சோம்.

கூவம் ஓரத்தில் ஒரு கார் கடல்

சென்ட்ரலில் இறங்கினா ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில், கூவம் ஓரமா இருக்கு புதுப்பேட்டை. உள்ள நுழையற வரைக்கும் இது சென்னையின் சாதாரண தெரு. நுழைஞ்சதும் கார்களோட அனாட்டமி கிளாஸ்!

துணிக்கடையில் சட்டை தொங்குற மாதிரி கதவுகள் தொங்குது. ஸ்டீயரிங் வீலெல்லாம் கயித்தில் முறுக்கு மாதிரி கோத்திருக்கு. ஒரு கடை முழுக்க ஹெட்லைட் மட்டும். உள்ள போனா நூறு கண்ணு நம்மளையே முறைக்குது. அடுத்த கடையில் சீட், அதுக்கடுத்து கண்ணாடி. நடுவில் எங்கேயோ லேத் கீச்சிடற சத்தம். தரை முழுக்க ஆயில் குடிச்ச கறுப்பு. செருப்பு போட்டு நடந்தா, கழட்டும்போது காலும் செருப்பும் ஒரே கலர்! ஒரு மீன்பாடி வண்டியில் முழு எஞ்சின் ஒண்ணை ஏத்திக் கயிறு கட்டி, அது மேலேயே உட்கார்ந்து போறார் ஒருத்தர். எங்க காலேஜ் லேபில் நாங்க பார்த்தது ஒரே ஒரு கட்-செக்‌ஷன் எஞ்சின். அதையும் தொடக் கூடாது, அட்டெண்டர் திட்டுவார். இங்க பார்த்தா எஞ்சின் மேல டீ கிளாஸ் வெச்சிருக்காங்க.

நாங்க போய் நின்ன கடைக்காரரை அந்தத் தெருவே ‘பாய்’னு கூப்பிட்டது. நாங்களும் கூப்பிட்டோம். அறுபது வயசு இருக்கும். எங்களை மேலும் கீழும் பார்த்துட்டு மூணு எஞ்சினைக் காட்டினார்.

ஒண்ணு, சின்னக் காரில் இருந்து எடுத்த 1248 சிசி டீசல். ரெண்டாவது, எஸ்டீம் காரோட 1298 சிசி பெட்ரோல். மூணாவது, ஜிப்ஸியோட சொந்த எஞ்சினே. அதுவும் 1298 சிசி. ஆனா அது கைவசம் இல்ல, சொல்லி வெச்சா வரும், விலையும் கூட. ஜிப்ஸி 1985-ல் வந்த வண்டி. 2019-க்கு அப்புறம் ஷோரூமில் கிடைக்காது. அதனால உதிரிக்கு டிமாண்ட் ஜாஸ்தி.

என் கண்ணு டீசல் மேலயே இருந்தது. “மச்சி, 190 நியூட்டன் மீட்டர் டார்க்குடா! உன் ஜிப்ஸியோடது வெறும் 103!” கோத்தகிரியும் தலையாட்டினான். விலையும் ஒரு பழைய பைக் வாங்கற அளவுதான். பாய் பணத்தைக் கேட்பார்னு நினைச்சோம். அவர் கேட்டது வேற.

“ஆர்.சி. புக் எடுத்தாந்திருக்கியா தம்பி?”

ஜெராக்ஸை நீட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுட்டு ஒவ்வொரு வரியா விரல் வெச்சுக் காட்டினார். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், சிசி, கடைசியா எரிபொருள்: பெட்ரோல். “எஞ்சினை நான் குத்துடுவேன். மீன்பாடி வண்டில ஏத்தி சென்ட்ரல் வரிக்கும் வுட்டுடுவேன். ஆனா இந்த பெட்ரோலுன்ற எழுத்தை யார் மாத்துவா? போய் ஒரு டீ அட்ச்சுட்டு யோசிச்சுட்டு வாங்க.”

வியாபாரத்தை வேணாம்னு சொல்ற வியாபாரியை அன்னிக்குதான் பார்த்தேன்.

பெரியப்பாவும் பிரிவு 52-ம்

டீக்கடையில் இருந்து கோத்தகிரி அவனோட பெரியப்பாவுக்கு போன் போட்டான். அவர் ரிட்டயர்டு மோட்டார் வாகன ஆய்வாளர். ஸ்பீக்கரில் போட்டதும் மனுஷன் கிளாஸே எடுத்துட்டார். அதோட சுருக்கம் இதுதான்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ன்னு ஒரு பிரிவு. 2000-ல் அதைத் திருத்தினாங்க. கம்பெனி முதல்ல சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் முரண் வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்கிறது அதோட சாரம். பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் வெச்சு புக்கில் ஏத்தின கதையெல்லாம் அந்தத் திருத்தத்துக்கு முந்தின காலம். ‘எங்க மாமா வண்டியில இருக்கே’ன்னு யாராவது சொன்னா, மாமா எந்த வருஷம் மாத்தினார்னு கேளுங்க.

சட்டம் ஒரு கதவை மட்டும் திறந்து வெச்சிருக்கு. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி மாதிரி வேற எரிபொருளுக்கு மாறணும்னா, அங்கீகாரம் வாங்கின கிட்டைப் பொருத்தி, விதிப்படி மாறலாம். காயலாங்கடை டீசல் எஞ்சின் அந்தக் கதவு வழியா நுழையாது. அதுக்கு அங்கீகாரம் வாங்கின கிட்னு எதுவும் இல்ல.

“அப்ப எஞ்சின் செத்துப்போனா வண்டியும் செத்துதா பெரியப்பா?”

“யார்டா சொன்னது? அதே கம்பெனி, அதே டைப், அதே எரிபொருள்னா மாத்தலாம். ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். புது எஞ்சின் நம்பரை புக்குல ஏத்தணும். 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இதைத் தெளிவா சொல்லியாச்சு. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்தை மாத்தற மாதிரி எதுவும் பண்ணக் கூடாது.”

“மாத்தினா?”

“2019-ல சட்டத்தைத் திருத்தினப்ப 182ஏ-ன்னு ஒண்ணு சேர்த்தாங்க. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். எது வேணும் உனக்கு?”

கோத்தகிரி டீயைக் கீழ வெச்சுட்டான்.

அபராதத்தை விட அவனை பயமுறுத்தினது வேற ஒண்ணு. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் அஞ்சஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். அவங்க ஜிப்ஸி 2019-ல் ஒருமுறை, 2024-ல் ஒருமுறை புதுப்பிச்சாச்சு. அடுத்தது 2029. அன்னிக்கு ஆய்வாளர் டார்ச் அடிச்சு எஞ்சின் நம்பர் பார்ப்பார். அது வரைக்கும் கூடப் போக வேண்டாம். புகைச் சான்றிதழ் எடுக்கப் போனாலே மாட்டிக்கலாம். பெட்ரோல் வண்டிக்கு ஒரு டெஸ்ட், டீசலுக்கு வேற டெஸ்ட். புக்கில் பெட்ரோல், சைலன்ஸரில் டீசல்னா என்ன பண்ணுவாங்க?

எல்லாத்துக்கும் மேல இன்ஷூரன்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளியோட போற வண்டி அது. ஏதாவது ஆகி கிளெய்ம் போனா, சர்வேயர் முதல்ல பார்க்கிறது எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்தான். “அப்பா தலையில விழும்டா”ன்னு மெதுவா சொன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

“எஸ்டீம் எஞ்சின் ஓகேவா பெரியப்பா? ஒரே கம்பெனி, ஒரே சிசி, பெட்ரோல்...” - நான்தான் கேட்டேன்.

“டைப்பும் ஒண்ணுதானான்னு முடிவு பண்ண வேண்டியது நீயும் இல்ல, நானும் இல்ல. ஆர்.டி.ஓ. எழுத்துல கேட்டுப் பதில் வந்தப்புறம் காசைக் குடு. எந்த எஞ்சினா இருந்தாலும் பில் வேணும். எந்த வண்டியில இருந்து எடுத்தது, அந்த வண்டியோட பதிவை முறையா ரத்து பண்ணியாச்சான்னு பேப்பர் வேணும். இல்லேன்னா திருட்டு வண்டி எஞ்சினை உன் வண்டியில வெச்சுக்கிட்டு நீ முழிப்ப.”

(பைக்கில் விளையாடற மக்களே... நீங்க சிரிக்காதீங்க. உங்களுக்கும் அதே 52-தான்!)

டிஷ்யூ பேப்பரில் ஒரு டிசைன் கிளாஸ்

சட்டம் முடியாதுன்னு சொன்னதும் எனக்குள்ள இருந்த இன்ஜினீயருக்கு ரோஷம் வந்துடுச்சு. ‘சட்டம் விடலைன்னா என்ன, டெக்னிக்கலா முடியுமா முடியாதா?’ பஜ்ஜி சுத்தின பேப்பரில் கணக்குப் போட்டேன்.

ஜிப்ஸியில் முதல் கியர் டார்க்கை சுமார் 3.65 மடங்கு ஆக்கும். ஃபோர் வீல் லோ போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னொரு 2.27 மடங்கு. ரெண்டையும் பெருக்கினா 8.3 மடங்கு. பழைய எஞ்சினோட 103-ஐப் பெருக்கினா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு மொத்தமா போறது சுமார் 855 நியூட்டன் மீட்டர். டீசலோட 190-ன்னா சுமார் 1,575! 855-க்குன்னு பண்ணின ஷாஃப்ட், ஜாயின்ட், கிரவுன் பல் எல்லாம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வாங்கணும். உடைஞ்சா எங்க உடையும்? சமதளத்தில் இல்ல. லோ கியர் போட்டு சேத்தில் ஏறும்போதுதான்!

பேப்பரை எடுத்துக்கிட்டு பாய்கிட்ட ஓடினேன். பார்த்துட்டுச் சிரிச்சார். “கணக்கு கரெக்டு. மிச்சத்தை நான் சொல்றேன்”னு தரையில் சாக்பீஸால் ஒரு ஏணி வரைஞ்சார். ஜிப்ஸியோட சேஸிஸ்.

“இது உன் வண்டி. அந்த டீசல் எஞ்சின் கார்ல குறுக்கால படுத்திருக்கும். உன் வண்டில நேரா நிக்கணும். அதுக்கு கியர் பாக்ஸுக்கு நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் கடையணும். ஒரு நூல் சென்டர் தப்பினாலும் கிளட்ச் நாசம். மவுன்டிங் புதுசா சேஸிஸ்ல வெல்டு அடிக்கணும். எங்க வேணா வெல்டு வெச்சா, சூடு பட்ட இடம் நாளைக்கு அங்கேயே விரிசல் வுடும். டீசல் இரும்பு பிளாக்கு. உன்னுது அலுமினியம். முன்னாடி வெயிட் ஏறினா பட்டை உக்காந்துடும். கீழே முன் ஆக்ஸில் இருக்குது. பள்ளத்துல குதிச்சா ஆக்ஸில் மேல வந்து ஆயில் சம்பை இடிக்கும். சரி, இது எல்லாத்தையும் பண்ணிட்டேன்னு வெச்சுக்கோ. பிரேக்கு?”

“பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் என்ன பாய் சம்பந்தம்?”

கேட்டதுக்கு அப்புறம்தான் உறைச்சது. செமஸ்டரில் பதினாறு மார்க் கேள்வியா எழுதியிருக்கேன்! பிரேக் பூஸ்டர் வேலை செய்யறது வாக்யூமில். பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டே அந்த வாக்யூமைக் கொடுத்துடும். டீசலில் அது கிடையாது, தனியா வாக்யூம் பம்ப் வேணும். அதை சரியா இணைக்காம விட்டா பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். கோத்தகிரி இருக்கிறது கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். அங்க இருந்து மேட்டுப்பாளையத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல இறக்கம். அந்தக் கல்லை மிதிச்சுக்கிட்டு இறங்கினா? நினைச்சுப் பார்க்கவே பிடிக்கலை.

அப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. சட்டப் பிரச்னை வேற, ஸ்ட்ரக்சர் பிரச்னை வேறன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டும் கேட்கிறது ஒரே கேள்வி. இந்த சேஸிஸ், இந்த பிரேக், இந்த ஆக்ஸில் எல்லாம் சேர்ந்து இந்த எஞ்சினைத் தாங்கும்னு சோதிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யாரு? கம்பெனி போட்ட கையெழுத்துதான் ஆர்.சி. புக்கில் இருக்கிற அந்த வரிகள். எஞ்சினை மாத்தினா அந்தக் கையெழுத்து செல்லாது. புதுசா போட யாரும் இல்ல. நானும் போட முடியாது. எனக்கு இன்னும் ரெண்டு அரியர் இருக்கு.

“இன்னா ஆச்சு, அதைச் சொல்லு!”

சோகமா பையைத் தூக்கினோம். பாய் சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டே கேட்டார். “ஆமா, இப்ப இருக்கிற எஞ்சினுக்கு இன்னாதான் ஆச்சு?”

“போச்சுன்னு சொன்னாங்க.”

“போச்சுன்னா? பிளாக் வெடிச்சுதா, ஹெட் வளைஞ்சுதா, பிஸ்டன் பிடிச்சுதா? டாக்டர்கிட்ட போய் ‘ஆளு போச்சு’ன்னா சொல்லுவ?”

ரெண்டு பேரும் முழிச்சோம். எஞ்சின் வாங்க ஐந்நூறு கிலோமீட்டர் ரயிலில் வந்திருக்கோம். எஞ்சினைத் திறந்து யாரும் பார்க்கவே இல்ல!

உடனே ஊருக்கு போன். மாமா ஒருத்தர் ஆயில் கேப்பைத் திறந்து பார்த்தார். “ஆயில் பால் காபி கலர்ல இருக்குடா.” பாய் தலையாட்டினார். தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட் போயிருக்கணும். ஹெட் கொஞ்சம் வளைஞ்சிருக்கலாம். சூட்டில் பிஸ்டன் உரசி சிலிண்டரில் கோடு விழுந்திருக்கலாம். பிளாக்கில் விரிசல் இல்லேன்னா பிழைச்சுக்கும். “கழட்டி லேத்துல குடு. ஹெட்டை ஃபேஸ் பண்ணி, சிலிண்டரை போர் பண்ணி, ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டா புதுசு மாதிரி. எஞ்சின் நம்பர் எங்க அடிச்சிருக்கு? பிளாக்குல. பிளாக்கு உன்னுதேதான். எந்த ஆபீஸுக்கும் போவ வேணாம்.”

அவர்கிட்ட வாங்க எதுவுமே இல்லாமப் போச்சு. வெறுங்கையோட போகக் கூச்சப்பட்டு, உடைஞ்ச பழைய ஹார்னுக்கு பதிலா ஒரு ஹார்ன் மட்டும் வாங்கினோம். பேரம் பேசலை.

மறுபடி மலை ஏறுது வண்டி

எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்ததில் பாய் சொன்னது முக்கால்வாசி சரி. பிளாக்கில் விரிசல் இல்ல. ரெண்டு சிலிண்டரில் கோடு. ரேடியேட்டர் பாதி அடைச்சிருந்தது. உண்மையான குற்றவாளி அதுதான்! கோயம்புத்தூரில் ஒரு லேத்தில் போர் பண்ணி, பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கட், புது ரேடியேட்டர்னு எல்லாம் மாத்தினதில் செலவு ஒண்ணும் சின்னதில்ல. டீசல் எஞ்சின் விலையோட ஒப்பிட்டா கொஞ்சம் கூடவே ஆச்சு. அப்பா முணுமுணுத்துக்கிட்டேதான் கொடுத்தார். பெட்ரோல் செலவு அப்படியேதான் இருக்கு. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல.

போன வாரம் நானும் கோத்தகிரி போயிருந்தேன். ஊர் முழுக்க மூடுபனி. இறக்கம் முழுக்கப் பச்சை விரிச்ச மாதிரி தேயிலை. மண் பாதையோட வளைவில் மழைத் தண்ணி வெட்டின பள்ளம். புது பிஸ்டன் என்பதால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மிதிக்கக் கூடாது. அதனால மாட்டு வண்டி ஸ்பீடு. பின்னாடி நாலு மூட்டை இலை, முன்னாடி மூணாவது வீட்டுப் பாட்டி. பாட்டிக்கு கோத்தகிரி ஆஸ்பத்திரியில் செக்கப்.

இறக்கத்தில் திடீர்னு ஒரு மாடு குறுக்க வந்தது. அவன் அப்பா காலை வெச்சார். பெடல் மெத்துனு இறங்குச்சு, வண்டி வழுக்காம நின்னுச்சு. பாட்டி தூக்கத்தில் இருந்து எழுந்திரிக்கவே இல்ல. இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து பூஸ்டருக்குப் போற அந்தச் சின்ன ரப்பர் ஹோஸை நினைச்சுக்கிட்டேன். அதைப் பத்தி யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல.

மாடு நகர்றதா இல்ல. அப்பா ஹார்ன் அடிச்சார். புதுப்பேட்டை ஹார்ன். மலையே திரும்பிப் பார்த்தது!